கடனைத் தீர்த்து வைக்க என்ன கூலி?

தண்டல்காரரின் கணக்கு ஆரணியின் நெசவுத் தெருக்களில் யாருக்கும் புதிதல்ல. பத்தாயிரம் கேட்டால் கையில் 8,500 வரும். 1,500 முதலிலேயே பிடித்தம். பிறகு நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள். சாயங்காலம் வண்டியில் வருபவர் அட்டையை வாங்கி அன்றைய கட்டத்தில் கிறுக்கிவிட்டுத் திருப்பித் தருவார். வட்டி 15 சதவீதம் என்று கொடுத்தவரும் சொல்வார், வாங்கியவரும் சொல்வார். ஆனால் மறுநாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருகிறது. 100 நாளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக வாங்கியவர் கையில் நின்ற கடன் ஏறக்குறைய 4,250 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் என்றால் ஆண்டு வட்டி 130 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும்.

அநியாய வட்டிதான். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனாலும் பிடித்தம் எவ்வளவு என்பது பணம் கைமாறும்போதே தெரிந்துவிடுகிறது. நான் இங்கே பார்க்கப்போவது அப்படித் தெரியாத ஒரு பிடித்தத்தை. ஏற்கெனவே இருக்கும் கடனை “முடித்துத் தருகிறோம்” என்று சொல்லி வாங்கப்படும் கட்டணம் அது.

2023 டிசம்பர் 11 அன்று ரிசர்வ் வங்கி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கடன் தள்ளுபடி வாங்கித் தருவதாகப் பத்திரிகைகளிலும் சமூக ஊடகங்களிலும் சிலர் விளம்பரம் செய்கிறார்கள்; எந்த அதிகாரமும் இல்லாமல் ‘கடன் தள்ளுபடிச் சான்றிதழ்’ கொடுத்து, அதற்குச் சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று வசூலிப்பதாகத் தகவல் வருகிறது; ஏமாற வேண்டாம் என்பது அதன் சாரம். இது அப்பட்டமான மோசடி. இதற்கு ஒரு படி மேலே, ஒப்பந்தம், ரசீது, ஜி.எஸ்.டி. எண் எல்லாம் வைத்துக்கொண்டு முறையாகவே நடக்கும் ‘கடன் தீர்வு’ நிறுவனங்கள் இருக்கின்றன. பெருநகரத்தில் அலுவலகம், மற்ற ஊர்களுக்கெல்லாம் செல்போன். கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன், ஆப் கடன் ஆகியவற்றைக் கட்ட முடியாமல் நிற்பவருக்காக வங்கியோடு பேசிப் பாதித் தொகையில் முடித்துத் தருவதாக இவை சொல்கின்றன. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் ரிசர்வ் வங்கியின் உரிமம் வேண்டும். கடனைத் தீர்த்து வைக்கும் நிறுவனத்துக்கென்று இந்தியாவில் தனி உரிமம் கிடையாது. அது வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பும் கிடையாது.

நெசவு ஊரில் இந்த வலை விரிய இடம் இருக்கிறது. தறிக்காரரின் வருமானம் மாதச் சம்பளம்போல் வருவதில்லை. பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் மாஸ்டர் வீவர் கொடுப்பார். வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவதே பெருவழக்கு. சேலை இறங்கினால்தான் காசு. ஆடியில் வியாபாரம் படுத்தால் அடுத்த பாவு தள்ளிப்போகும். மழை பிடித்துக்கொண்டால் குழித்தறியில் ஈரம் ஏறி வேலை நிற்கும். குழு லோனின் தவணைத் தேதியோ எதற்கும் நிற்காது. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்றது. பட்டுக்குக் கூலி சற்று மேல் என்று வைத்துக்கொண்டாலும், அது வரும் நாளும் தவணை நாளும் பொருந்துவதில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொன்று என்று நாலைந்து சேர்ந்துவிடுவது இப்படித்தான்.

இந்தியச் சிறுநகரங்களில் ஆரணி அளவுக்கு ஆராயப்பட்ட ஊர் குறைவு. பொருளாதார அறிஞர் பார்பரா ஹாரிஸ்-வைட் 1973இல் இங்கே ஆய்வைத் தொடங்கி நாற்பதாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்தார். ஆரணியை மையமாக வைத்து அவர் தொகுத்த ‘மிடில் இந்தியா’ நூல் 2016இல் வெளியானது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே.நாகராஜ், எஸ்.ஜனகராஜன், டி.ஜெயராஜ் ஆகியோரும் அவரும் சேர்ந்து 1990களில் ஆரணிப் பட்டு நெசவின் சமூக அமைப்பைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். பட்டு நெசவைப் பற்றி யார் எழுதப் புகுந்தாலும் மாஸ்டர் வீவர் தரும் முன்பணத்தைத் தொடாமல் போக முடியாது.

அந்த முன்பணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று போய் நின்றால் மாஸ்டர் வீவர் கொடுப்பார், பெரும்பாலும் வட்டி கேட்க மாட்டார். வாங்கியவர் அது தீரும்வரை வேறொருவருக்கு நெய்யக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. வேறு முதலாளி கூப்பிட்டால், அவர் பழைய பாக்கியை அடைத்துவிட்டு நெசவாளரைத் தன் பக்கம் எடுத்துக்கொள்வார். கடன் ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்குப் போகும். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு கடன் தீர்வுச் சேவைதான். இதன் கட்டணம் கூலிக்குள் ஒளிந்திருக்கிறது. கட்டுப்படாத நெசவாளருக்குக் கிடைக்கும் கூலியைவிடச் சேலைக்கு 300 ரூபாய் குறைவாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் மூன்று சேலை என்றால் ஆண்டுக்கு 10,800 ரூபாய். முன்பணம் 50,000 என்றால் வட்டியில்லாக் கடனுக்கு 21.6 சதவீதம் கட்டியாகிவிட்டது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். முன்பணத்துக்காக வேறிடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை இழப்பது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வருகிறது. அப்படிப்பட்ட கடன் செல்லாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. தெருவில் யாரும் அதை அந்தப் பெயரால் அழைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனி, செல்போன் வழியே கடனைத் தீர்த்துத் தருவதாகச் சொல்லும் அந்த நிறுவனத்தின், சுருக்கமாகச் ‘செல்போன் நிறுவனத்தின்’, கட்டணம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் அடுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: சேர்வதற்கு ஒரு தொகை, மாதாமாதம் ஒரு தொகை, கடைசியில் ‘மிச்சப்படுத்திக் கொடுத்த’ பணத்தில் ஒரு சதவீதம், இவை எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தவணையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைத் தனியாகச் சேர்த்து வையுங்கள், மொத்தமாகச் சேர்ந்ததும் வங்கியோடு பேசுகிறோம் என்பார்கள். இதை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

நின்றுபோன கடன் 3,00,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். சேர்க்கைக் கட்டணம் 3,000, மாதக் கட்டணம் 1,000, மிச்சத்தில் 15 சதவீதம். இரண்டு ஆண்டு கழித்து வங்கி பாதிக்கு ஒத்துக்கொள்கிறது. பாதி என்றால் 1,50,000 என்றுதான் கட்டப்போகிறவர் நினைத்திருப்பார். ஆனால் காத்திருந்த இரண்டு ஆண்டில், கூட்டு வட்டி போடாமலே, வட்டி 1,44,000 ஏறிவிட்டது. பாக்கி 4,44,000; அதில் பாதி 2,22,000. நிறுவனத்தின் பார்வையில் மிச்சப்படுத்தியதும் 2,22,000, அதில் 15 சதவீதம் 33,300. இதோடு மாதக் கட்டணம் 24,000, சேர்க்கை 3,000. மொத்தம் 60,300. ஜி.எஸ்.டி. 10,854. ஆகக் கட்டணம் மட்டும் 71,154 ரூபாய். கடன்காரரின் கையை விட்டுப் போனது 2,93,154. அவர் சேர்ந்த நாளில் இருந்த பாக்கி 3,00,000.

இந்தக் கணக்கில் என்னை உறுத்துவது சதவீதம் அல்ல, அது எதன்மேல் போடப்படுகிறது என்பதே. காத்திருக்கச் சொன்னவர்கள் அவர்கள். காத்திருந்ததால் ஏறியது வட்டி. ஏறிய வட்டியில் பாதி குறைந்ததும் ‘மிச்சம்’ ஆகிறது. அந்த மிச்சத்தில் அவர்களுக்குப் பங்கு. கடன் எவ்வளவு வீங்குகிறதோ அவ்வளவுக்கு அவர்கள் கூலியும் வீங்கும். அதே நபர் ஆறாவது மாதத்திலேயே தானே போய்ப் பேசி அதே பாதிக்கு முடித்திருந்தால், 3,36,000 பாக்கிக்கு 1,68,000 கட்டியிருப்பார், கட்டணம் எதுவும் இல்லாமல். ஆறு மாதத்தில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நிறுவனத்தின் வழியில் போவதற்கும் இரண்டு ஆண்டுகள் மாதம் 12,000 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அதை எடுத்து வைக்கத் தெம்புள்ளவர், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி வங்கியிடமே கேட்டிருக்கலாம். அந்தத் தெம்பு இல்லாதவர் நடுவழியில் விட்டுவிடுவார். அதுவரை கட்டிய மாதக் கட்டணம் போனது போனதுதான்.

காத்திருக்கும் காலத்தில் நடப்பவை விளம்பரத்தில் வருவதில்லை. கொடுத்திருந்த செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு. வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் தவணை திரும்பினால், பணப் பரிமாற்ற முறைகளுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. இரண்டிலும் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ‘எங்கள் வக்கீல் குழு பார்த்துக்கொள்ளும்’ என்ற வாக்கு இந்தப் பிரிவுகளைத் தடுக்காது. பாதியில் முடித்த கடன் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று ஆண்டுக்கணக்கில் நிற்கும். நகைக் கடனுக்கு இந்தப் பேச்சே உதவாது, நகை ஏலத்துக்குப் போய்விடும்.

ஆரணி போன்ற ஊருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் குழு லோன். பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து பொறுப்பேற்ற கடன் அது. ஒருவர் செல்போன் நிறுவனத்தின் பேச்சைக் கேட்டுத் தவணையை நிறுத்தினால், சென்டர் மீட்டிங்கில் பதில் சொல்ல வேண்டியவர்கள் மற்ற நாலு பேர். எந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் இந்தச் செலவுக்கு ஒரு வரி கிடையாது. தெருவில் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போவதற்கு விலை போடவும் முடியாது.

கடன் தீர்வு நிறுவனம் மிச்சத்தில் பங்கு கேட்பதுபோன்ற கூலி வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்டிருக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. ஏலச்சீட்டுக்கும் வரம்பு உண்டு: 1982ஆம் ஆண்டுச் சிட்டுநிதிச் சட்டம் சீட்டு நடத்துபவரின் கமிஷனை 5 சதவீதம் என்று வைத்தது, 2019இல் செய்த திருத்தம் அதை 7 ஆக்கியது. சீட்டு நடத்துபவருக்கு எல்லை, வக்கீலுக்கு எல்லை. கடன் தீர்வு நிறுவனத்துக்கு மட்டும் ஒப்பந்தத்தில் எழுதியதே சட்டம்.

அமெரிக்காவில் இந்தத் தொழில் பெருகியது, அங்கே அதற்குக் கட்டுப்பாடும் வந்தது. தொலைபேசி வழியே கடன் நிவாரணம் விற்பவர்கள் முன்பணமாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதி 2010 அக்டோபர் 27இல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது ஒரு கடனாவது உண்மையில் முடிந்து, அதற்குக் கடன்காரர் ஒரு தவணையாவது கட்டிய பிறகுதான் அந்தக் கடனுக்கான கூலியைத் தொடலாம். பிரிட்டனில் ஸ்டெப்சேஞ்ச் என்ற அறக்கட்டளை இலவசமாகவே கடன் திட்டம் போட்டுத் தருகிறது. செலவைக் கடன் கொடுத்த நிறுவனங்கள் ஏற்கின்றன. தமிழர்கள் வாழும் மலேசியாவில் மத்திய வங்கியே 2006இல் ஏ.கே.பி.கே. என்ற அமைப்பைத் தொடங்கியது. அதன் கடன் மேலாண்மைத் திட்டத்தில் சேரவும் கட்டணம் கிடையாது. வாராக்கடன் வசூலானால் லாபம் கடன் கொடுத்தவருக்கு. கூலியையும் அவரே கொடுக்கட்டும் என்பதில் தப்பென்ன?

நம் ஊரிலும் இந்த யோசனை புதிதல்ல. கடனாளியையும் கடன் கொடுத்தவரையும் உட்கார வைத்துப் பேசும் வாரியங்களுக்கு வழி செய்யும் சென்னை மாகாணக் கடன் சமரசச் சட்டம் 1936இலேயே வந்தது. இரண்டு ஆண்டு கழித்து ராஜாஜி அரசு கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பழைய வட்டியை ஒரேயடியாக வெட்டியது. ஆனால் அது நிலத்தோடு தொடர்புள்ளவருக்கு. தறி மட்டும் வைத்திருந்தவருக்கு அதில் இடமில்லை. வங்கிகள் இலவசக் கடன் ஆலோசனை மையங்கள் திறக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 பிப்ரவரியில் ஒரு மாதிரித் திட்டம் கொடுத்தது. 2012இல் அவை நிதிக் கல்வி மையங்களாக மாற்றப்பட்டன. கணக்குத் தொடங்கும் முகாம்கள் பெருகின. நாலு கடனோடு வந்து நிற்பவர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டிய ஆலோசகர் பின்னுக்குப் போய்விட்டார். அந்தக் காலி நாற்காலியில்தான் இன்றைக்குச் செல்போன் நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

சட்டப்படி திவாலாகி மீள்வதற்கு வழி இருக்கிறதா என்றால், ஏட்டில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் ஏழைக் கடனாளிக்கென்றே ‘புதிய தொடக்கம்’ என்ற பகுதி உண்டு: ஆண்டு வருமானம் 60,000க்கு மிகாமல், சொத்து 20,000க்கு மிகாமல், கடன் 35,000க்கு மிகாமல், சொந்த வீடு இல்லாமல் இருக்க வேண்டும். இந்த வரம்பே இன்றைய கடனுக்குப் பொருந்தாது. அதையும்கூட இதுவரை சாதாரண மனிதருக்கு அமல்படுத்தவில்லை. ஆகவே ஆரணியில் ஒருவர் திவால் என்று சொல்லிக்கொள்ள 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்துக்குத்தான் போக வேண்டும், அதாவது ஊரார் சொல்லும் மஞ்சள் கடுதாசிக்கு. வியாபாரி ஐ.பி. (திவால் மனு) கொடுத்தால் சாமர்த்தியம் என்பார்கள். நெசவாளர் கொடுத்தால் அடுத்த பாவு யார் தருவார்?

இத்தனைக்கும், செல்போன் நிறுவனம் விற்கும் பொருளில் பெரும்பகுதி ஏற்கெனவே கடன்காரரின் கையில் இருக்கிறது. கட்ட முடியாத கடனைப் பேசி முடிக்க வங்கிகள் தங்கள் இயக்குநர் குழு ஒப்புதலோடு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8இல் சுற்றறிக்கை விட்டது. ஓ.டி.எஸ்., அதாவது ஒரே தடவையில் கடனை முடிக்கும் தீர்வு, கேட்டு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்க இடைத்தரகர் தேவையில்லை. வசூல் ஏஜெண்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. குழு லோன் போன்ற சிறுகடனுக்கு அது காலை 9, மாலை 6. தாமதத்துக்கான அபராதத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச் சட்டமே இயற்றியது. முழுச் சிபில் அறிக்கை ஆண்டுக்கு ஒரு தரம் இலவசம். அதில் தப்பு இருந்து, புகார் கொடுத்து 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு நமக்கு வர வேண்டும். லோக் அதாலத்துக்குக் கோர்ட் கட்டணம் இல்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டம் இடம் தருகிறது. குழு லோன் பெரும்பாலும் பெண்கள் பெயரில்தானே இருக்கிறது.

கடன் வாங்கும் நாளிலேயே பார்க்க வேண்டிய தாள் ஒன்றும் உண்டு. 2024 அக்டோபர் முதல் வங்கியும் நிதி நிறுவனமும் ‘முக்கிய விவர அறிக்கை’ தர வேண்டும். செலவு எல்லாம் சேர்த்த ஆண்டு விகிதம், அதாவது ஏ.பி.ஆர்., அதில் இருக்கும். இருபத்து நாலு மாதத் தவணையில் 50,000 ரூபாய், வட்டி 24 சதவீதம் என்று வாங்குகிறோம். பிராசஸிங் கட்டணம் 750, அதற்கு ஜி.எஸ்.டி. 135, இன்சூரன்ஸ் 1,500 பிடித்துக்கொண்டு 47,615 கையில் வந்தால் உண்மை விகிதம் 29 சதவீதத்தைத் தொடும். தண்டல் அட்டையின் அதே பிடித்தக் கணக்குத்தான், அளவு மட்டும் சின்னது. அந்த அறிக்கையில் எழுதாத எந்தக் கட்டணத்தையும் பின்னால் நம் சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் மீறி, வங்கியோடு பேசும் திராணி இல்லை, ஆங்கிலக் கடிதம் எழுத ஆள் இல்லை, கூலி கொடுத்தாவது முடித்துக்கொள்கிறேன் என்று ஒருவர் நினைத்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன். பயத்திலிருந்து விடுபடுவதற்கும் ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முதல் ரூபாய் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள்: சதவீதம் இன்றைய பாக்கியின்மேலா, முடிக்கும் நாளின் பாக்கியின்மேலா? ஒரு கடனும் முடியாவிட்டால் மாதக் கட்டணம் திரும்புமா? சேர்த்து வைக்கும் பணம் யார் பெயரில் இருக்கும்? பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்துக்குப் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வங்கி மீதான புகாருக்கு வழி கேட்க ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் தமிழிலேயே பேசலாம். இலவச வக்கீலுக்கு 15100.